அம்பாசடர் டிஃபரன்ஷியலில் பேரிங், ஷிம், பேக்கிங் போடுவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரில் கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருவில் மூன்று நாள் தண்ணீர் வடியவே இல்லை. வாசலில் நின்ற மாமனாரின் 1972 அம்பாசடருக்கு முதலில் பாதி டயர் முழுகியது, அப்புறம் டிக்கி வரைக்கும் ஏறி இறங்கியது. எல்லோரும் எஞ்சினைப் பற்றித்தான் கவலைப்பட்டோம். பிளக்கைக் கழற்றிக் காயவைத்து, ஆயில் மாற்றி, நாலு நாளில் வண்டி ஸ்டார்ட்டும் ஆகிவிட்டது. பின் ஆக்ஸிலின் நடுவில் தொங்கிக்கொண்டிருக்கும் அந்தப் பூசணிக்காயை, அதாவது எஞ்சின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலை, யாரும் நினைக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து, 40-இல் போகும்போது பின்சீட்டுக்கு அடியில் யாரோ வாயை மூடிக்கொண்டு முனகுவது மாதிரி ஒரு சத்தம். டிஃபரன்ஷியல் ட்ரெயின் பிளக்கைத் திறந்தால் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டியது, பின்னாடியே ஏடு படிந்த டீ மாதிரி ஒரு கூழ்.

அதை ஒரு பட்டறையில் கொடுத்தேன். எஞ்சின் பக்கத்திலிருந்து சுழற்சியை உள்ளே கொண்டுவரும் சின்ன கியரான பினியனின் பேரிங் இரண்டையும் மாற்றி, ஏர் கன்னால் நட்டை ஒரே அடியில் இறுக்கி, "கையில சுத்திப் பாத்துட்டேன் சார், சூப்பரா இருக்கு" என்று கொடுத்தார்கள். 300 கிலோமீட்டர் கூடத் தாண்டவில்லை. திரும்பப் பிரித்தபோது பேரிங்கின் உருளைகள் தேன் நிறத்திலிருந்து நீலத்துக்குப் போயிருந்தன. அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்: இந்த வேலையில் கைப்பதம் என்று ஒன்று கிடையாது. இட்லி மாவுக்குக் கைப்பதம் சரி. இங்கே தலைமுடியைவிட மெல்லிய இடைவெளிதான் கணக்கு, அதைக் கையால் உணர முடியாது. அளந்து, எழுதி, அப்புறம்தான் அடுத்த ஸ்பானர்.

இதில் சொல்வது மார்க் 2 காலத்து அம்பாசடரின் பின் ஆக்ஸிலை வைத்து. அந்த வண்டி மாரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3-இன் வழி வந்தது. ஆக்ஸில், பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி சீரிஸ் குடும்பம். எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரிலும் இதே குடும்பம்தான், அதனால் அம்பாசடருக்கு நல்ல கையேடு கிடைக்காவிட்டால் எம்ஜிஏ-வின் வொர்க்‌ஷாப் மேனுவலில் பின் ஆக்ஸில் அத்தியாயத்தைப் படிக்கலாம், பெரும்பாலும் ஒத்துப்போகும். பத்மினி, ஹெரால்டு, எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் 1949 முதல் பூட்டிய ஆஸ்டின் ஏ40 எதுவாக இருந்தாலும் தத்துவம் ஒன்றுதான், எண்கள் மட்டும் மாறும். நான் கொடுக்கும் எண்களும் உங்கள் கையேடும் மோதினால் கையேடுதான் ஜெயிக்க வேண்டும்.

பிரிப்பதற்கு முன்னால்

எல்லோரும் தவறவிடும் இடம் இதுதான். பழைய டிஃபரன்ஷியலில் இருக்கும் ஒவ்வொரு அளவும், ஃபேக்டரியில் யாரோ பொறுமையாக உட்கார்ந்து வைத்தது. அதைக் கலைப்பதற்கு முன் எழுதிக்கொள்ளாவிட்டால் திரும்ப வரும் வழி தெரியாது.

தேவையான கருவிகள் ரொம்ப இல்லை. காந்தக் காலோடு ஒரு டயல் கேஜ், 0–25 மி.மீ. மைக்ரோமீட்டர், ஃபீலர் கேஜ், இரண்டு கால் புல்லர், டார்க் ரென்ச், பல்லோடு பல் எங்கே படிகிறது என்று காட்டும் நீலப் பசையான மார்க்கிங் புளூ கொஞ்சம். பினியன் சுழலும் கனத்தை அளக்க ஒரு தொங்கு தராசு; காசிமேட்டில் மீன் எடைபோட வைத்திருக்கும் சின்ன டிஜிட்டல் தராசே போதும்.

வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வையுங்கள், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழையாதீர்கள். ஆயிலை வடியுங்கள். ட்ரம்மைக் கழற்றி, ஆக்ஸில் ஷாஃப்ட்டைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்க்ரூவை எடுத்துவிட்டு ஷாஃப்ட்டை வெளியே இழுங்கள். முழுதாக எடுக்க வேண்டியதில்லை, உள்முனை டிஃபரன்ஷியல் பல்லை விட்டு வெளியே வந்தால் சரி. புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஃப்ளேஞ்சில் இரண்டு பக்கமும் ஒரு புள்ளி குத்திவிட்டுக் கழற்றுங்கள். சுற்றியுள்ள நட்டுகளை எடுத்தால், கியர்களையும் பேரிங்குகளையும் தாங்கும் கேரியர் முழுதாக முன்பக்கம் வந்துவிடும். கனமான சாமான், கீழே ஒரு ஆளோ டிராலி ஜாக்கியோ இல்லாமல் இழுக்காதீர்கள். நான் ஒரு முறை வயிற்றில் தாங்கிப் பிடித்தேன், அதன் கதை வேண்டாம்.

கேரியரை மேஜையில் வைத்ததும் ஸ்பானரைத் தொடாதீர்கள். முதலில் டயல் கேஜ் முனையைக் கிரவுன் வீலின், அதாவது பினியன் சுற்றிவிடும் பெரிய பல்சக்கரத்தின், ஒரு பல்லில், பல் நகரும் திசையிலேயே நிற்கும்படி வையுங்கள். பினியனை அசையாமல் பிடித்து, கிரவுன் வீலை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். இந்த ஆட்டத்தைத்தான் பட்டறையில் 'ப்ளே' என்கிறோம். நாலு இடத்தில் அளந்து எழுதுங்கள். இந்த அளவு கியர்களில் பெரும்பாலும் 0.10 முதல் 0.20 மி.மீ. வரை, அதாவது நாலு முதல் எட்டு தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை இருக்க வேண்டும். பல செட்டுகளில் கிரவுன் வீலிலேயே ப்ளே எவ்வளவு என்று பொறித்திருப்பார்கள், துடைத்துவிட்டுத் தேடுங்கள். அடுத்து கிரவுன் வீலின் முதுகில் கேஜை வைத்து ஒரு சுற்று, 0.05 மி.மீ.க்கு மேல் ஆடினால் உட்காரும் முகத்தில் அழுக்கோ பிசிறோ இருக்கிறது, இல்லாவிட்டால் வீலே கோணியிருக்கிறது. கடைசியாக ஆறேழு பல்லில் புளூ தடவிச் சுற்றி, எங்கே படிகிறது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது இரண்டு பேரிங் கேப்பிலும் குறி வையுங்கள்: இடது கேப்புக்கும் பக்கத்து வீட்டுக்கும், அதாவது அது உட்கார்ந்திருக்கும் கேரியர் பகுதிக்கும், ஒவ்வொரு புள்ளி, வலதுக்கு இரண்டிரண்டு. இந்தக் கேப்புகள் கேரியரோடு சேர்த்துக் குடையப்பட்டவை. மாற்றிப் போட்டால் வட்டம் வட்டமாக இருக்காது.

பிரித்த பிறகு என்ன பார்க்க வேண்டும்

தண்ணீர் குடித்த பேரிங்கை ஒரு பார்வையிலேயே சொல்லிவிடலாம். அவுட்டரின், அதாவது வெளி வளையத்தின், உள்பக்கத்தில், உருளைகள் அசையாமல் நின்ற இடங்களில், சரியாக உருளைக்கு உருளை எவ்வளவு இடைவெளியோ அதே இடைவெளியில், கறுப்புக் கோடுகள் சாய்வாக நிற்கும். விரல் நகத்தை ஓட்டினால் 'டக் டக்' என்று தட்டும். என் வண்டியில் பதினொரு கோடு இருந்தது, பதினொன்றையும் எண்ணினேன். அது துரு தின்ற குழி, எந்த பாலிஷும் போக்காது. கடற்கரைக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டரில் வண்டி நிறுத்துபவர்களுக்கு இதற்கு வெள்ளம்கூட வேண்டாம். ஆறு மாதம் ஓட்டாமல் வைத்தாலே ராயபுரத்து ஈரக்காற்று இதைச் செய்துவிடும்.

கிரவுனும் பினியனும் ஜோடியாகச் செய்து, ஜோடியாகத் தேய்த்தவை. இரண்டிலும் ஒரே எண் பொறித்திருக்கும். எண் ஒத்துப்போகாவிட்டால் யாரோ முன்பே கலந்துவிட்டார்கள் என்று அர்த்தம், அதை எந்த ஷிம்மாலும், அதாவது அளவைச் சரிக்கட்ட வைக்கும் மெல்லிய தகட்டாலும், அமைதிப்படுத்த முடியாது. புதுப்பேட்டையில் பழைய செட் தேடினால் இரண்டு எண்ணையும் பார்த்துவிட்டு, பற்களை எண்ணிவிட்டுத்தான் காசைக் கொடுக்க வேண்டும். பல் எண்ணிக்கை வேறுபட்டால் வண்டியின் வேகக் கணக்கே மாறிப்போகும். பல்லின் முகத்தில் லேசான பளபளப்புப் பரவாயில்லை. சொரசொரப்போ குழியோ இருந்தால் செட்டோடு மாற்ற வேண்டியதுதான்.

நடுவில் இருக்கும் சின்ன கியர்களான ஸ்டார் பினியன், சைடு கியர், அவற்றின் பின்னால் இருக்கும் வாஷர்கள் எல்லாம் இந்த வேலையோடு பார்த்து முடித்துவிடுங்கள். வாஷர் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். அதில் வேறு சூட்சுமம் இல்லை.

பேரிங் வாங்கப் போகும்போது பழைய பேரிங்கையும் கையோடு கொண்டுபோங்கள். எண் விளிம்பில் பொறித்திருக்கும், பெட்ரோலில் கழுவினால் தெரியும். பிராட்வே பக்கம் பேரிங் கடைகளில் எண்ணைச் சொன்னால் எடுத்துத் தருவார்கள், ஆனால் வாங்கும் முன் கடையிலேயே வெர்னியரில் உள்விட்டம், வெளிவிட்டம், உயரம் மூன்றையும் ஒப்பிடுங்கள். பழைய வண்டிக்கு எப்போதோ யாரோ 'ஏறக்குறைய இதே சைஸ்' போட்டிருக்க வாய்ப்பு உண்டு, அப்போது பழைய எண்ணே தப்பான எண்ணாக இருக்கும். அட்டைப்பெட்டி பளபளப்பை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பேரிங்கின் மேல் பொறித்த எழுத்து சீராக இருக்கிறதா என்று பாருங்கள், பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

பினியன் ஆழம்

பினியன் தலைக்கும் பின் பேரிங்குக்கும் நடுவில் ஒரு கெட்டி வாஷர் இருக்கும். கிரவுன் வீலின் மையத்தை நோக்கிப் பினியன் எவ்வளவு நுழைய வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. வாஷர் தடிமனானால் பினியன் உள்ளே போகும், மெலிந்தால் வெளியே வரும். இந்த ஒரு வாக்கியத்தைச் சுவரில் எழுதி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள், பாதி ராத்திரியில் குழப்பம் வரும்போது உதவும்.

பழைய கிரவுன்–பினியனையே திரும்பப் போடுவதாக இருந்தால் வேலை சுலபம். ஃபேக்டரி ஆழம் ஏற்கனவே சரியானது. பேரிங்கின் உயரம் எவ்வளவு மாறியிருக்கிறதோ அதை மட்டும் ஈடுகட்டினால் போதும். பழைய பேரிங்கின் கப்பையும் (அவுட்டர்) கோனையும் (உருளைகளோடு இருக்கும் உள்வளையம்) சேர்த்துக் கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து, மேலே ஒரு கனமான சாமானை ஏற்றி, நாலைந்து சுற்றுச் சுற்றி உருளைகளை உட்கார வைத்து, உயரத்தை டயல் கேஜில் பூஜ்யமாக்குங்கள். அதே இடத்தில் புதிய பேரிங்கை வைத்துப் படியுங்கள். புதியது 0.03 மி.மீ. குட்டை என்றால் 0.03 தடிமனான வாஷர் வேண்டும், நெட்டை என்றால் அந்த அளவு மெல்லியது. வாஷரை மைக்ரோமீட்டரில் மூன்று இடத்தில் அளக்க வேண்டும், ஒரு பக்கம் கூடுதலாக இருந்தால் பினியன் கோணும்.

புது செட் என்றால் பினியன் தலையில் கூட்டல், கழித்தல் குறியோடு ஒரு எண் இருக்கும். அதன் பொருள் கம்பெனிக்குக் கம்பெனி வேறு, ஒரே குறி இரண்டு இடத்தில் நேர்மாறாகவும் இருக்கும். அந்தச் செட்டுக்குரிய கையேடு இல்லாமல் ஊகிக்காதீர்கள். பழைய வாஷரில் தொடங்கி, புளூ காட்டும் வழியில் போவது நல்லது.

ஒரு தந்திரம் சொல்கிறேன், இதற்காகவே இந்தக் கட்டுரையைப் படிக்கலாம். பேரிங்கை ஒவ்வொரு தடவையும் அழுத்தி ஏற்றி, இழுத்து இறக்கி, வாஷர் மாற்றிக்கொண்டிருந்தால் புதுப் பேரிங் பொருத்தும் முன்பே கிழடாகிவிடும். அதனால் அதே அளவில் ஒரு பழைய கோனை எடுத்து, அதன் உள்துளையை எமரி சுற்றிய கம்பியால் கையால் நழுவும் அளவுக்குத் தேய்த்து, சோதனைப் பேரிங்காக வைத்துக்கொள்ளுங்கள். அதன் உயரத்துக்கும் புதியதின் உயரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கில் எழுதிவிட்டால் எத்தனை தடவை வேண்டுமானாலும் பிரித்துக் கூட்டலாம்.

கடைசிப் பொருத்தலுக்குச் சுத்தியல் வேண்டாம். கோனை எண்ணெயில் சூடாக்குங்கள், 100 டிகிரி போதும், 120-ஐத் தாண்ட விடாதீர்கள். வீட்டில் ஓய்வுபெற்ற ஒரு வடைச்சட்டி, அடியில் கோன் நேரடியாகத் தொடாமல் ஒரு கம்பி வலை, கிச்சன் தெர்மாமீட்டர் ஒன்று. வீட்டம்மாவிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அவுட்டர் கப்புக்கு எதிர் வைத்தியம், குளிர். காசிமேட்டில் உடைத்த ஐஸ் ஒரு பை வாங்கி, உப்பைக் கலந்து, கப்பைப் பிளாஸ்டிக் கவரில் காற்றுப் போகாமல் கட்டி ஒரு மணி நேரம் புதைத்து வைத்தேன். 72 மி.மீ. விட்டமுள்ள இரும்பு 40 டிகிரி குளிர்ந்தால் 0.03 மி.மீ.க்குக் கொஞ்சம் கூடவே சுருங்கும், அது போதும், லேசாகத் தட்டினாலே உட்காரும். எனக்கு லேத் வேலை செய்து தரும் அண்ணன், படகு எஞ்சின் ஷாஃப்ட்டெல்லாம் கடைபவர், அதைப் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, வஞ்சிரத்துக்குப் பதிலா பேரிங்க ஐஸ்ல போட்டு வச்சிக்கீற?" என்றார். உட்கார்ந்ததும் கப்பைத் துடைத்து உடனே ஆயில் தடவுங்கள், நம் ஊர்க் காற்றில் குளிர்ந்த இரும்பு அரை நிமிஷத்தில் வியர்த்துவிடும்.

பினியன் ப்ரீலோட்

என் பேரிங்கை நீலமாக்கியது இந்தப் படிதான்.

ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது பினியன் ஒரு பக்கம் தள்ளப்படும், விடும்போது மறுபக்கம் இழுக்கப்படும். பேரிங்கில் துளி ஆட்டம் இருந்தாலும் பல் படியும் இடம் ஒவ்வொரு மிதிக்கும் மாறும், சத்தம் வரும். அதனால் இரண்டு பேரிங்கையும் எதிரெதிராகக் கொஞ்சம் நெருக்கி வைக்கிறோம், ப்ரீலோட் என்பது இதுதான். அந்த நெருக்கம் குறைந்தால் முனகல், கூடினால் சூடு.

இந்த ஆக்ஸிலில் இரண்டு கோனுக்கும் நடுவில் ஒரு கெட்டிக் குழாய், அதோடு ஷிம்கள். நட்டை எவ்வளவு இறுக்கினாலும் கோன்கள் அந்தக் குழாயிலும் ஷிம்மிலும் முட்டி நின்றுவிடும். ஆக, நெருக்கத்தை நிர்ணயிப்பது ஷிம், நட்டு அல்ல. ஷிம் கூட்டினால் லூஸ், குறைத்தால் டைட். முதல் பட்டறையில் நடந்தது என்ன என்று பிற்பாடு புரிந்தது: புதுப் பேரிங் போட்டார்கள், ஷிம் சிலதைத் தொலைத்தார்கள், ஏர் கன்னால் முழு பலத்தில் இறுக்கினார்கள். கையால் சுற்றினால் 'சூப்பரா' சுற்றியிருக்கும்தான், ஃப்ளேஞ்சைப் பிடித்துச் சுற்றினால் கைக்கு நெம்புகோல் பலம் கிடைக்கிறதே.

சரியான முறை இது. ஆயில் சீல் போடாமல், பேரிங்குக்கு ஆயில் விட்டு, பினியனைக் கூட்டுங்கள். ஷிம் கொஞ்சம் அதிகமாகவே வைத்துத் தொடங்குங்கள். நட்டை இறுக்கும்போது நிறுத்தி நிறுத்திப் பினியனைச் சுற்றுங்கள், உருளைகள் தங்கள் இடத்தைத் தேடி உட்கார வேண்டும். முழு இறுக்கம் இந்த ஆக்ஸிலுக்குச் சுமார் 19 கிலோகிராம்-மீட்டர். அவ்வளவு பெரிய டார்க் ரென்ச் இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி: நட்டின் மையத்திலிருந்து 90 செ.மீ. தூரத்தில் கிடைமட்டமாக நிற்கும் குழாயில், நிறைந்த 20 லிட்டர் வாட்டர் கேனைக் கட்டித் தொங்கவிட்டால், குழாயின் எடையும் சேர்ந்து கிட்டத்தட்ட அதே வருகிறது. ஃப்ளேஞ்சைப் பிடித்துக்கொள்ள இரண்டு போல்ட்டில் ஒரு நீள இரும்புப் பட்டையை மாட்டி, தரையில் முட்டுக் கொடுங்கள்.

இப்போது தராசு. ஃப்ளேஞ்சின் வட்டத் தோளில் நூல் சுற்றி, தராசைக் கொக்கியில் மாட்டிச் சீராக இழுங்கள். அசையத் தொடங்கும் கணத்தில் காட்டும் எடை வேண்டாம், சுழன்றுகொண்டிருக்கும்போது காட்டுவதுதான் கணக்கு. புதுப் பேரிங்குக்கு, சீல் இல்லாமல், ஏறக்குறைய 13 முதல் 15 கிலோ-செ.மீ. எனக்கு நூல் சுற்றிய இடத்தின் ஆரம் 5 செ.மீ., அதனால் தராசு 2.6-இலிருந்து 3 கிலோவுக்குள் காட்ட வேண்டும். முதல் தடவை 0.8 காட்டியது. 0.05 ஷிம் ஒன்றை எடுத்தேன், 2.1. இன்னும் 0.02 குறைத்ததும் 2.8-இல் நின்றது. நாலு தடவை பிரித்துக் கூட்டி, ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை. ஓடிய பேரிங்கையே திரும்பப் போடுகிறீர்கள் என்றால் இதில் பாதி போதும்.

ஷிம்மைப் பற்றி ஒன்று. ஸ்டீல் ஷிம் தகடுதான், வெட்டிய பிசிறைக் கண்ணாடி மேல் எமரி பேப்பரில் தேய்த்து எடுக்க வேண்டும். என் வண்டியில் முன்பு நடந்த வேலையில் யாரோ கூல்டிரிங்ஸ் டின்னை வெட்டிப் போட்டிருந்தார்கள். அலுமினியம், நாலு நாளில் நசுங்கிப்போகும். பெயிண்ட் எழுத்துகூடப் போகவில்லை.

கிரவுன் வீலும் ப்ளேயும்

கிரவுன் வீலை டிஃபரன்ஷியல் கேஜில் (அளக்கும் கேஜ் இல்லை, சின்ன கியர்களை உள்ளே வைத்திருக்கும் கூடு) பூட்டும்போது இரண்டு முகத்தையும் எண்ணெய்க்கல்லில் தடவி, போல்ட்டுகளைக் குறுக்காகச் சுற்றிச் சுற்றி இறுக்குங்கள். பூட்டுத் தகடுகள் புதிதாகவே இருக்க வேண்டும்.

இந்தக் கூட்டை இரண்டு பக்கமும் தாங்கும் பக்கத்துப் பேரிங்குகள் இந்த ஆக்ஸிலில் கோண பால் பேரிங், அதற்கு முகம் உண்டு. 'த்ரஸ்ட்' என்று பொறித்த பக்கம் வெளியே பார்க்க வேண்டும், இரண்டிலும். தலைகீழாகப் போட்டால் முதல் வளைவிலேயே தெரிந்துவிடும். ஷிம்கள் பேரிங்குக்கும் கூட்டுக்கும் நடுவில் வரும். முதலில் ஷிம் இல்லாமல் உட்காரவைத்து, பக்கவாட்டில் மொத்தம் எவ்வளவு நகர்கிறது என்று அளங்கள். அதோடு 0.10 மி.மீ. கூட்டினால் மொத்த ஷிம் கணக்கு. பக்கத்துக்கு இரண்டு தௌ நெருக்கம் என்பது இதுதான்.

மொத்தத்தை இரண்டு பக்கமும் எப்படிப் பங்கிடுவது என்பதில்தான் ப்ளே இருக்கிறது. ஒரு பக்கத்திலிருந்து இரண்டு தௌ எடுத்து மறுபக்கம் போட்டால் ப்ளே ஏறக்குறைய இரண்டு தௌ மாறும். மொத்தம் மாறக் கூடாது, எடுத்ததை மறுபக்கம் போட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் நெருக்கம் கெடும். கேப்பைக் குறி பார்த்துப் போட்டு முழுசாக இறுக்கிய பிறகுதான் ஒவ்வொரு அளவும்.

அப்புறம் புளூ. கெட்டியாகக் குழைத்து எட்டுப் பல்லில் மெல்லிசாகத் தடவி, கிரவுன் வீலை மரக்கட்டையால் லேசாகத் தடுத்துப் பிடித்துக்கொண்டு பினியனைச் சுற்றுங்கள், பளு இல்லாமல் சுற்றினால் தடம் பொய் சொல்லும். தடம் பல்லின் நடு உயரத்தில், கொஞ்சம் உள்முனைப் பக்கமாக இருந்தால் சந்தோஷப்படலாம். ஓட்டும்போது பளு ஏறினால் அது தானாக வெளிமுனைக்கு நகரும். தடம் முகட்டில் ஏறி நின்றால் பினியன் தூரத்தில் இருக்கிறது, தடிமனான வாஷர் வேண்டும். பல்லின் வேரில் இறங்கி நின்றால் ஆழம் அதிகம், மெல்லிய வாஷர். உயரம் சரி, ஆனால் உள்முனையில் ஒதுங்கி நிற்கிறது என்றால் கிரவுன் வீலைப் பினியனிலிருந்து விலக்குங்கள். வெளிமுனையில் ஒதுங்கினால் கிட்டே கொண்டுபோங்கள். ஆழத்தை மாற்றினால் ப்ளேயும் மாறும், திரும்ப அளக்க வேண்டும். பிரிக்கும் முன் எடுத்த படம் இப்போதுதான் கைகொடுக்கும்.

பேக்கிங்கும் சீலும்

பழைய பேக்கிங்கைச் சுரண்டும்போது ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்து ஷீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். கிரைண்டரில் வயர் பிரஷ் மாட்டி ஓட்டாதீர்கள். ஆயிலில் ஊறவைத்து ஈரமாகவே பிளேடால் எடுங்கள்.

கேரியருக்கும் ஆக்ஸில் ஹவுசிங்குக்கும் நடுவில் வரும் பெரிய பேக்கிங்கின் தடிமன் கியர் அளவைத் தொடாது, ஏனென்றால் எல்லா பேரிங்கும் கேரியரிலேயே உட்கார்ந்திருக்கின்றன. 0.25 முதல் 0.40 மி.மீ. ஆயில் பேப்பர் எதுவும் சரி. ஷீட்டை முகத்தின் மேல் வைத்து, பால்பெயின் சுத்தியலின் உருண்டை முனையால் விளிம்பில் தட்டிக்கொண்டே போனால் இரும்பின் ஓரமே பேப்பரை வெட்டிவிடும். முதலில் எதிரெதிராக இரண்டு ஸ்டட் துளையைத் தட்டி, போல்ட் செருகி நிறுத்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நகர்ந்துவிடும். வெட்டியதைக் கவரில் போட்டு மூடி வையுங்கள். மழைக்காலத்தில் வெளியே கிடந்தால் ஈரத்தில் ஊதி, காலையில் துளைகள் ஒத்துப்போகாது.

பேக்கிங்கைவிட முகம் முக்கியம். பல வருஷம் கண்டபடி இறுக்கியதில் ஸ்டட் துளையைச் சுற்றி இரும்பு எரிமலை வாய் மாதிரி எழும்பியிருக்கும், தட்டை அரத்தால் சமப்படுத்துங்கள். அப்புறம் இரண்டு பக்கமும் விரலால் மெல்லிசாக சீலன்ட் தடவினால் போதும். தோசைக்கு வெண்ணெய் வைப்பது மாதிரி அப்புகிறவர்களுக்கு: பிதுங்கிய மிச்சம் உள்பக்கம்தான் விழும், அது ஆயிலில் மிதந்து பேரிங்குக்குப் போகும்.

சக்கரத்தின் ஹப்பில் வரும் சின்ன பேப்பர் பேக்கிங் வேறு ஜாதி. அங்கே தடிமன் கணக்கில் சேரும். பேரிங்குக்கு வெளியே ஒரு ஸ்பேசர் வளையம் உட்காரும். பேக்கிங்கை வைத்த பிறகும் அந்த வளையம் ஹப் முகத்தைவிட ஒன்று முதல் நாலு தௌ வரை, அதாவது 0.025 முதல் 0.10 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் ஆக்ஸில் ஷாஃப்ட் ஃப்ளேஞ்ச் பேரிங்கை அழுத்திப் பிடிக்கும். தடிமனான ஷீட்டில் வெட்டிப் போட்டால் ஆயில் கசியாது, ஆனால் பேரிங் உள்ளே ஆடும். ஹப் நட்டைக் கழற்ற வேண்டியிருந்தால் மரையைக் கவனியுங்கள், இந்தக் குடும்பத்து ஆக்ஸிலில் இடது பக்கம் இடது மரை.

பினியன் சீலைப் போடும் முன் ஃப்ளேஞ்சின் கழுத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். பழைய சீல் உட்கார்ந்த இடத்தில் பள்ளம் இருந்தால் புது சீல் ஒரு மாதம் தாங்காது. இடமிருந்தால் சீலை இரண்டு மி.மீ. முன்னே பின்னே உட்காரவைத்துப் புது இடத்தில் உதடு படும்படி செய்யலாம், இல்லாவிட்டால் லேத்தில் கொடுத்து மெல்லிய ஸ்லீவ் ஏற்ற வேண்டும். உதடு ஆயில் இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும், கிரீஸ் தடவிப் போடுங்கள்.

எல்லாம் முடிந்தும் கசிகிறது என்றால் சீலைத் திட்டும் முன் ஆக்ஸில் குழாயின் மேல் காற்றுப் போய்வர இருக்கும் சின்ன துவாரமான ப்ரீத்தரைப் பாருங்கள். சேறு அடைத்திருந்தால் உள்ளே சூடான காற்று வெளியேற வழியில்லாமல் சீல் வழியாக ஆயிலைத் தள்ளும். சூடான ஆக்ஸில் தண்ணீரில் இறங்கினால் தலைகீழ், குளிர்ந்து உள்ளே உறிஞ்சும். நான் அதில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி டிக்கிக்குள் உயரமாகக் கொண்டுபோய்க் கட்டிவிட்டேன். அடுத்த டிசம்பர் வந்தே தீருமே.

ஆயிலும் முதல் ஓட்டமும்

இது ஹைபாய்டு கியர், பல்லோடு பல் உரசி வழுக்கும். அதனால் இ.பி. 90 அல்லது 80டபிள்யூ-90 ஹைபாய்டு ஆயில்தான். எஞ்சின் ஆயில் ஊற்றினால் இத்தனை வேலையும் வீண். உள்ளே வெண்கல வாஷர் இருந்தால் செம்பை அரிக்காத ரகமா என்று கேட்டு வாங்குங்கள். ஃபில்லர் துளை வரைக்கும் ஊற்றி, பத்து நிமிஷம் கழித்துத் திரும்பப் பாருங்கள், குழாய்களுக்குள் ஓடியதும் மட்டம் இறங்கும்.

முதல் ஓட்டம் 15 கிலோமீட்டர், 40-ஐத் தாண்டாமல், அப்புறம் முழுசாக ஆறவிடுங்கள். நான் விடியற்காலை நாலரைக்குத் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் போனேன். எண்ணூர் விரைவுச்சாலைப் பக்கம் போனால் கன்டெய்னர் லாரி இரைச்சலில் உங்கள் சத்தம் உங்களுக்கே கேட்காது. நிறுத்தியதும் பினியன் மூக்கில் உள்ளங்கையை வையுங்கள். கதகதப்பாக, கையை வைத்துக்கொண்டே பேசும் அளவுக்கு இருந்தால் சரி. 'ஆ' என்று இழுக்க வேண்டியிருந்தால் ப்ரீலோட் அதிகம், ஓட்டாதீர்கள், பிரியுங்கள்.

சத்தம் வந்தால் எப்போது வருகிறது என்று கேளுங்கள். மிதிக்கும்போது மட்டும் ஊளை என்றால் பல் தடத்தில் கோளாறு, காலை எடுக்கும்போது மட்டும் என்றால் பினியன் நெருக்கம் போதவில்லையா என்று முதலில் பாருங்கள். மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி உருண்டால் பக்கத்துப் பேரிங் அல்லது ஹப் பேரிங். கிளட்ச் விடும்போது 'டங்' என்றால் டிஃபரன்ஷியலைக் குறை சொல்லும் முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் யூ-ஜாயிண்ட்டை ஆட்டிப் பாருங்கள், பாதி நேரம் அதுதான்.

500 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றுங்கள். ட்ரெயின் பிளக்கில் ஒரு சின்ன காந்தம் ஒட்டியிருந்தேன். அதில் விபூதி மாதிரி நைசான சாம்பல் பசை படிந்திருந்தது, விரலில் தேய்த்தால் நெருடவில்லை. அது புதுப் பல் பழகிய தூள்தான். கையில் குத்துகிற மாதிரி ஊசியோ செதிலோ வந்தால் மட்டும் அதைக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டு, கேரியரைத் திரும்ப மேஜைக்குக் கொண்டுவந்து, எழுதிவைத்த அளவுகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்.